மாசி மகத்து விருந்தும் ஐந்தாவது இலையும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தமிழர் விருந்தோம்பல்' என்னும் பொருளில் பேசுக எனச் செயலாளர் பணித்தார். தமிழ் படித்தவர்களிடம் இத்தலைப்பைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அனிச்சப் பூ வரும்; அமிழ்தம் வரும்; பண்டைத் தமிழரின் பெருமை வரும்; இறுதியில் இக்காலத்தார் கதவடைத்து வாழ்கின்றனர் என்னும் வருத்தமும் வரும். இவற்றை நானும் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இன்று அவற்றை விடுத்து, நான் பிறந்து வளர்ந்த குருசுக்குப்பத்தில் மாசி மகத்தன்று ஒரு வீட்டில் நடக்கும் பந்தியை முன்வைத்துச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். நூல்களை அப்பந்தியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் ஊர்ப் பெயர். 'குருசு' என்பது சிலுவையைக் குறிக்கப் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். 'குப்பம்' நம்முடைய சொல். வந்த சொல்லும் இருந்த சொல்லும் ஒரே பெயரில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. நம் வீட்டுக்குள்ளும் இவ்வாறே: சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியன எல்லாம் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொற்கள். அடுக்களையில் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை என்பார்களே, அந்த நிலக்கடலையின் இன்னொரு பெயராகிய மணிலாக்கொட்டையில் ஒரு தொலைதூரத் துறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்தவற்றை உள்ளே அழைத்து அமர வைப்பதில் நம் மொழி தயக்கம் காட்டியதில்லை. மனிதர் காட்டிய தயக்கத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

குருசுக்குப்பத்தை அடுத்து வடக்கே வைத்திக்குப்பம். மாசித் திங்களில் மக நாளன்று அக்கடற்கரையில் நிகழும் தீர்த்தவாரியைப் புதுவையில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மயிலம் சுப்பிரமணியர், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், திண்டிவனத்துப் பெருமாள், நம் மணக்குள விநாயகர் எனப் பல ஊர்த் தெய்வங்கள் அணிவகுத்து வந்து கடல் நீராடுகின்றன. தெய்வங்கள் வரும்போது அவற்றின் ஊர்க்காரர்களும் உடன் வருகின்றனர். அதிகாலையிலேயே ஈரமணலில் அமர்ந்து, இறந்த முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்போர் கூட்டம் ஒருபுறம். பலூன் வாங்கக் கேட்டு அழும் குழந்தைகள் மறுபுறம். புதுச்சேரியில் அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருக்களில் அன்று விருந்தாளி இல்லாத வீட்டைக் காண்பது அரிது.

திருக்குறளின் 43ஆம் குறளை இங்கே நினைவுகூர வேண்டும். இல்வாழ்வான் ஓம்பத்தக்க ஐவரை வள்ளுவர் அதில் வரிசைப்படுத்துகிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்பது அவ்வரிசை. வகுப்பில் இக்குறளை நடத்தும் போதெல்லாம் எனக்கு மாசி மகம் நினைவுக்கு வரும். ஆண்டின் ஏனைய நாள்களில் இவ்வைவரையும் தனித்தனியே ஓம்புகிறோம்; அமாவாசை ஒருவர்க்கு, வெள்ளிக்கிழமை ஒருவர்க்கு, கல்யாணம் ஒருவர்க்கு. மாசி மகத்தன்று மட்டும் ஐவரும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு வீட்டு வாசலுக்கு வந்து நிற்கின்றனர். கடற்கரையில் முன்னோர், தெருவில் தெய்வம், திண்ணையில் விருந்தினர், கூடத்தில் சுற்றத்தார். ஐந்தாமவராகிய 'தான்' எங்கே இருக்கிறார் என்பதுதான் என் வினா.

இவ்விடத்தில் பரிமேலழகர் உரை நோக்கத்தக்கது. விருந்து என்னும் சொல் முதலில் புதுமையைக் குறித்தது என்றும், பின்னர் ஆகுபெயராய்ப் புதியராக வந்தாரைக் குறித்தது என்றும் அவர் விளக்குவார். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகள் எட்டனுள் ஒன்றாக, புதுவதாகப் புனையப்படும் நூலுக்கு 'விருந்து' என்று பெயரிட்டதும் இப்பொருள் பற்றியே. வரும் விருந்தினரை மேலும் இரு கூறாக்குகிறார் பரிமேலழகர். முன்னமே அறிமுகம் இருப்பதால் நம்மைக் குறித்து வருவோர் ஒரு வகை. அறிமுகமின்றித் தற்செயலாக வருவோர் மற்றொரு வகை. ஆகவே ஆண்டுதோறும் வந்து உண்டு செல்லும் நண்பர்களும் விருந்தே ஆவர். பழகியவர் எப்படிப் புதியவர் ஆவார் என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். ஓராண்டு கழித்து வந்தால் எவரும் சற்றுப் புதியவர்தாம் என்றேன். உரையாசிரியர் ஏற்பாரோ அறியேன், மாணவி ஏற்றுக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்கு அவ்வாறு குறித்து வந்தவர்கள் மயிலத்தார். தமிழ் கற்றோர்க்கு மயிலம் என்றதும் அங்குள்ள தமிழ்க் கல்லூரி நினைவுக்கு வரும். எனக்கு என் ஆயாவின் கருவாட்டுக் கூடைதான் நினைவுக்கு வருகிறது. ஆயா, இளம்பெண்ணாக இருந்த நாளிலிருந்தே தம் தாயோடு கருவாடு சுமந்து உள்நாட்டு ஊர்களின் சந்தைகளுக்குச் செல்வார். 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி கைம்மாறும் வரை அது வெறும் நடை அன்று. ஓர் எல்லையைக் கடக்கும் பயணம். குப்பம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. மயிலமும் திண்டிவனமும் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலும் பின்னர் இந்திய ஒன்றியத்திலும் இருந்தன. சாவடியில் கூடையை இறக்கி, மேல்மூடியை விலக்கிக் காட்ட வேண்டும் என்பார் ஆயா. நெத்திலியையும் வாளையையும் மோந்து பார்த்த பிறகு எந்தக் காவலரும் இரண்டாம் முறை சோதித்ததில்லையாம்.

கருவாட்டுக்குக் காசும் கிடைத்தது. பெரும்பாலும் நெல்லும் கேழ்வரகும் கிடைத்தன. மயிலத்தில் ஒரு வேளாண் குடும்பத்தார் வாடிக்கையாளராகி, நாளடைவில் நண்பராயினர். வெயில் ஏறிவிட்டால் ஆயா அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கூடையை வைத்துச் சற்றுப் படுத்துச் செல்வார். 'மகத்துக்கு எங்க ஊட்டுக்கு வாங்க' என்று அவர் அழைத்ததும் அவர்கள் வந்ததும் எளிய செய்திகளாகத் தோன்றலாம். எளியன அல்ல. வந்த முதல் ஆண்டுகளில் அவர்கள் திண்ணையில் அமர்ந்து தாம் கட்டிவந்த புளிச்சோற்றையே உண்டனராம். எங்கள் வீட்டில் வாங்கிக் குடித்தது மோர் மட்டுமாம். ஆயாவும் மயிலத்தில் அவர்கள் நடை ஏறியதில்லை, வேப்பமரத்தடியோடு சரி. திண்ணையிலிருந்து கூடத்துக்கு நான்கே அடி. அதைக் கடக்க அவர்களுக்கு ஆறேழு மாசி மகங்கள் ஆயின என்று ஆயா கூறுவார். யார் முதலில் கூடத்தில் அமர்ந்தார், ஏன் அமர்ந்தார் என்று கேட்டேன். "மழ புடிச்சிக்கிச்சி, உள்ள வந்தாங்க" என்றார். சாதிக் கட்டுப்பாட்டை உடைத்த பெருமையை மாசி மாதத்து மழைக்குக் கொடுத்துவிட்டு வெற்றிலை மெல்லத் தொடங்கிவிட்டார்.

இதே நிலப்பரப்பில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உணவு எவ்வாறு கைம்மாறியது என்பதற்கு நம்மிடம் ஒரு நூற்சான்று உண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஆண்ட பகுதி திண்டிவனத்தைச் சூழ்ந்தது. அவனது கிடங்கில் இன்று அந்நகரின் ஒரு பகுதி. பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்னென்ன கிடைக்கும் என்று நத்தத்தனார் சொல்லி வருகிறார். கடற்கரைப் பட்டினத்தில் நுளையர் மகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். கடற்கரையில் தொடங்கி உள்நாடு நோக்கிச் செல்லும் அவ்வழியின் போக்கு, ஆயாவின் கூடை சென்ற வழியின் போக்கேதான். இடையில் ஒரு வேறுபாடு. பாணன் மூன்று வீட்டிலும் உண்டான், ஆயாவுக்கு வேப்பமரத்தடி. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நாம் எதைக் கற்றோம் என்பதை வரலாற்றுத் துறையினர் சொல்லட்டும்.

இந்நூலில் இன்னொரு காட்சி உண்டு. நல்லியக்கோடனைக் காணும் முன் அப்பாணன் வீட்டில் வறுமை. இடிந்து சரிந்த அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. பசியால் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பும் இல்லாமல் வேக வைக்கிறாள். பிறர் கண்டால் நாணம் என்று வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். கதவடைத்து உண்போரைக் கருமி என்று ஏசும் நம் மேடைப் பேச்சாளர்கள், நான் உட்பட, இவ்வடிகளை ஒருமுறை மீளப் படித்தல் நன்று. வறுமையிலும் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பகிர்பவள் ஒரு பெண். அக்கதவு பிறர் கண்ணுக்காகவே அடைக்கப்படுகிறது.

நூல்களில் விருந்து வரும் இடமெல்லாம் அடுப்பங்கரையில் ஒருத்தி நிற்கிறாள். தொல்காப்பியர் விருந்து ஓம்புதலையும் சுற்றம் பேணுதலையும் தலைவியின் மாண்புகளாகவே கற்பியலில் வைத்தார். கொலைக்களக் காதையில் கண்ணகி தான் இழந்தவற்றைக் கோவலனிடம் சொல்லும்போது விருந்து எதிர்கொள்ளும் பேற்றையும் அவ்வரிசையில் சேர்க்கிறாள். கம்பரின் சீதை அசோக வனத்தில், விருந்தினர் வந்தால் இராமன் என் செய்வானோ என்று கலங்குகிறாள். சிறையில் இருப்பவளுக்கு வேறு கவலையே இல்லையா என்று என் மாணவர் ஒருவர் கேட்டதுண்டு, நல்ல கேள்வி. புறநானூற்றின் 333ஆம் பாட்டில், வீட்டில் வேறு தானியம் இல்லாத நிலையில், விதைக்காக வைத்திருந்த தினையை உரலில் இடுகிறாள் ஒரு மனையாள். பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் நள்ளிரவு மழையில் சென்று வாரி வந்தது அன்று விதைத்த நெல் முளையை. அவ்வழியைக் காட்டியவர் அவருடைய மனைவியார். நாயன்மார் வரிசையில் பெயர் பெற்றவர் மாறனார். அம்மையார் பெயர் நூலில் இல்லை.

நற்றிணையின் 120ஆம் பாட்டை இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பரத்தை வீடு சென்று மீண்ட தலைவன் பேசுகிறான். மனைவி அவன் மீது ஊடல் கொண்டு அடுக்களையில் இருக்கிறாள். புகையால் கண் கலங்கியிருக்கிறது. நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாள். 'விருந்தினர் எவரேனும் வந்தால் நன்று' என்கிறான் தலைவன். வந்தால் அவள் சினத்தை மறைத்துக்கொள்வாள். சிரித்த முகத்தைக் காணலாம். இலக்கண நூலார் விருந்தினரை வாயில்கள் பன்னிருவருள் சேர்த்தது இதனால்தான். உரைகள் இதனைத் தலைவியின் பண்பாட்டுக்குச் சான்றாகப் போற்றுகின்றன. பண்பாடுதான், மறுக்கவில்லை. ஆயினும் அப்பாட்டை ஒரு பெண்ணாக நின்று படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அவளுக்கு ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்ல விடாமல் அவள் வாயை அடைக்க ஒரு விருந்தாளி வேண்டியிருக்கிறான். நம் வீடுகளில் பண்டிகை நாள்களில் எத்தனைக் குறைகள் இவ்வாறு வடை தட்டும் ஓசையில் அமிழ்ந்து போகின்றன என்பதை இங்கு அமர்ந்திருக்கும் அம்மையார்கள் அறிவர்.

இப்பாட்டில் ஒரு பாடவேறுபாடும் உண்டு. அவள் நறுக்குவது வாளை என்றும், வாழை என்றும் இருவகைப் பாடங்கள். முதலாவது மீன், இரண்டாவது இலை. குப்பத்தில் பிறந்தவளாதலால் நான் மீன் பக்கம் சாய்வேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் பாட்டில் எருமைக் கன்றுகள் தூண்தோறும் கட்டப்பட்ட வீடு வருகிறது. அது மருத நிலத்து வீடு. அங்கு வாளை எனில் குளத்து வாளை. எங்கள் கடற்கரையில் வெள்ளி நாடா போல் மின்னும் வாளை வேறு. இலையை அறுப்பதாகக் கொண்டாலும் குற்றமில்லை. விரல் சிவக்க அறுத்தது அவள்தான் என்பதில் இரு பாடங்களுக்கும் ஒற்றுமை உண்டு.

புகை, வியர்வை, சிவந்த விரல் என்னும் இம்மூன்றும் மீண்டும் மீண்டும் வருகின்றன. குறுந்தொகை 167இல் தயிர் பிசைந்து புளிக்குழம்பு ஆக்கும் இளம் மனைவியின் கண்ணிலும் தாளிப்புப் புகை. மாதரி வீட்டில் கோவலனுக்குச் சமைத்த கண்ணகியின் கண்ணும் புகையால் சிவந்தது, முகம் வியர்த்தது. குருத்து வாழையிலை விரித்துப் பரிமாறினாள். கோவலன் உண்டான். அதற்குப் பிறகு இருவரும் பேசுகின்றனர். அவன் சிலம்போடு புறப்படுகிறான். கண்ணகி உண்டாளா என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அக்காதையை நடத்திய பிறகே இவ்வினா எனக்குத் தோன்றியது. குறுந்தொகைப் பெண்ணும் உண்டாளா என்று தெரியாது. தினை இடித்தவளும் உண்டாளா என்று தெரியாது.

இனி எங்கள் வீட்டுப் பந்திக்கு வருகிறேன். மாசி மகத்தன்று எங்கள் வீட்டில் சைவம். மாசியில் மொச்சை நன்கு விளைந்திருக்கும். மொச்சையும் கத்திரிக்காயும் இட்ட குழம்பு, பூசணிக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, பருப்புப் பாயசம் ஆகியன அன்றைய சமையல். கருவாடு போடாத மொச்சைக் குழம்பை ஆயா குழம்பாகவே கருதியதில்லை. விருந்தாளிகளுக்காகவும் சாமிக்காகவும் பொறுத்துக்கொள்வார். மயிலத்தார் மூட்டையில் அறுவடைப் புத்தரிசியும் மல்லாட்டையும் வரும். இரவு தங்கி, மறுநாள் மீன்குழம்பு உண்டு, கருவாட்டுப் பொட்டலத்தோடு புறப்படுவார்கள். விறகடுப்பு இரண்டு, பின்கட்டில் இன்னொன்று. நாற்பது இலைக்குக் குறையாது. முதற்பந்தி ஆண் விருந்தினர், இரண்டாம் பந்தி பெண் விருந்தினரும் குழந்தைகளும், மூன்றாம் பந்தி வீட்டு ஆண்கள். வீட்டுப் பெண்களுக்குப் பந்தி இல்லை. மாலை நான்கு மணி அளவில் அடுக்களையிலேயே, அடிப்பிடித்த சோற்றையும் கலங்கிய சாம்பாரையும் தட்டில் இட்டுக்கொள்வர். வடை பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

1980களின் இறுதியில் ஒரு மகம். நான் பள்ளிச் சிறுமி. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. மயிலத்துப் பெரியம்மா இலை முன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னார்கள். அவர் நேரே அடுக்களைக்கு நடந்து, ஆயாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ குந்தாத பந்தியில எனக்கு எதுக்குக்கா எல? இத்தினி வருசமா உன் கையால துன்னுட்டுப் போறேன், நீ துன்னு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. நீ குந்து, நான் போடறேன்."

ஆயா பதறினார். "வந்தவங்க பரிமாறினா ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். காலையிலேந்து பச்சத் தண்ணி குடிச்சியா நீ?"

ஆயா விடை சொல்லவில்லை. கூடத்தில் இருந்த என் அத்தைக்குக் கடுங்கோபம். வீட்டுக்காரி முதலில் உண்பதா, விருந்தாளி பரிமாறுவதா, மகத்தன்று இப்படிச் செய்தால் குடும்பத்துக்கு ஆகுமா என்றெல்லாம் கேட்டார். அவ்வாண்டு அவர் எங்கள் வீட்டில் உண்ணாமலே சென்றுவிட்டார்; ஈராண்டு வரவும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால், ஏதோ ஒரு நொடியில் அனைவரும் மனம் மாறினர் என்று தோன்றிவிடும். அப்படி நடக்கவில்லை. ஆயா அன்று பெரியம்மாவின் பக்கத்து இலையில் அமர்ந்து உண்டார். ஆனால் தலை நிமிரவில்லை. வடையை இரண்டாம் முறை வைத்தபோது கையை இலைக்குக் குறுக்கே நீட்டித் தடுத்தார். பிறர்க்கு 'இன்னும் ஒன்று' என்று வற்புறுத்தியே பழகிய கை அது.

இதற்கு நூலாதாரம் கேட்போர் உண்டு. மனையாள் கடைசியில் உண்பதே மரபு, வள்ளுவரே விருந்தோம்பி எஞ்சியதை உண்பதைப் போற்றுகிறார் என்று ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் எனக்கு எடுத்துக்காட்டினார். 85ஆம் குறளை அவர் கருதினார். அக்குறளை மீண்டும் பாருங்கள். மிச்சிலை உண்பவனைக் குறிக்க வள்ளுவர் ஆண்டுள்ள சொல் 'மிசைவான்' என ஆண்பால் ஈற்றில் முடிகிறது. விருந்தோம்பல் அதிகாரம் இல்வாழ்வானை நோக்கியே பேசுகிறது. அவன் விருந்தினரை ஊட்டிய பின் எஞ்சியதை உண்ணுமாறு வள்ளுவர் சொல்ல, அவன் மூன்றாம் பந்தியில் சுடச்சுட உண்டுவிட்டு மிச்சிலை மட்டும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டான். ஆண்பால் ஈறு இருபாற்கும் பொதுவாக வருதல் உண்டே என்பீர்கள். ஒப்புகிறேன். பொது என்றால் மிச்சிலும் பொதுவாகட்டும், நுனியிலையும் பொதுவாகட்டும். ஒன்றை மட்டும் பொதுவாக்க இலக்கணம் இடந்தராது.

43ஆம் குறளின் 'தான்' என்னும் சொல்லுக்குத் திரும்புகிறேன். அறம் பேசும் நூலில் தன்னை ஓம்புவதை ஏன் ஓர் அறமாக வைக்க வேண்டும்? பரிமேலழகர் இத்தடையை எழுப்பி விடையும் தருகிறார். ஏனைய அறங்களையெல்லாம் ஒருவன் தான் இருந்தே செய்ய வேண்டியிருத்தலின் தன்னைக் காத்தலும் அறமாயிற்று என்பது அவர் கருத்து. அதுமட்டுமன்று, ஈட்டிய பொருளை ஆறு கூறாக்கி ஒன்றை அரசுக்கும், ஏனைய ஐந்தை இவ்வைவர்க்கும் என அவர் கணக்கிடுகிறார். அதாவது தன் கூறு ஏனையோர் கூற்றுக்குக் குறைந்ததன்று. எஞ்சினால் எடுத்துக்கொள்வதும் அன்று. முதலிலேயே பிரித்து வைக்கப்படுவது. உரைகள் இல்வாழ்வானை மனத்தில் வைத்தே இதை எழுதின. ஆனால் மாசி மகத்தன்று முன்னோர்க்குப் படையல் இட்டவர், சாமிக்குப் பொங்கல் வைத்தவர், விருந்தினர்க்கும் சுற்றத்தார்க்கும் சமைத்தவர் யார்? நான்கு அறங்களையும் செய்த கை எதுவோ அக்கைக்கு உரியவரே ஐந்தாமவர். பரிமேலழகரின் காரணத்தைக் கொண்டே சொன்னால், அவர் இருந்தால்தானே அடுத்த மகத்துக்குப் பந்தி உண்டு?

மயிலத்துப் பெரியம்மா திருக்குறள் படித்தவர் அல்லர். கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். ஐந்தாவது இலையை எங்கள் வீட்டில் போட்டவர் அவர்தாம். அதுவும் விருந்தாளியாக வந்து. வீட்டார் ஒருவர் சொல்லியிருந்தால் அது சண்டையாக முடிந்திருக்கும். வந்தவர் சொன்னதால் மறுக்க முடியவில்லை. நற்றிணைத் தலைவன் விருந்தாளியைக் கொண்டு மனைவியின் வாயை அடைக்க நினைத்தான். இங்கே விருந்தாளி வீட்டுக்காரிக்காக வாய் திறந்தார். புதுமை என்பதே விருந்தின் முதற்பொருள் எனின், ஒரு வீட்டின் பழக்கத்தைப் புதியதொரு கண்ணால் பார்த்துச் சொல்லும் உரிமையும் விருந்தினர்க்கு உண்டு என்றே நான் பொருள் கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆயாவும் அம்மாவும் இரண்டாம் பந்தியில் அமர்ந்தனர். என் சித்தப்பாமார் இருவர் முணுமுணுத்துக்கொண்டே வாளி தூக்கினர். முதலாண்டு ரசத்தைப் பாயசத்துக்கு முன்னே ஊற்றுவதா பின்னே ஊற்றுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் உண்டவர்களுக்கு உண்ணும் வரிசை தெரியாமல் போனது எனக்கு இன்றும் வியப்பு. ஆயா, தாம் மறையும் வரை, மகத்தன்று பெரியம்மாவின் பக்கத்து இலையில்தான் உண்டார். அதே ஆண்டுகளில்தான் மயிலத்தில் அவர் அந்த வீட்டு நடையும் ஏறினார்.

இப்போது ஆயா இல்லை, பெரியம்மாவும் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் வருகின்றனர். என்னுடன் பணிபுரியும் தோழியரும் வருகின்றனர். கேஸ் அடுப்பு வந்ததால் கண்ணில் புகை இல்லை. சிலர் மண்டபம் பிடித்துச் சமையற்காரரை வைத்துவிடுகின்றனர். அதில் குறை காண எனக்கு மனமில்லை, பெண்களின் முதுகு அறியும் அதன் அருமை. ஆனால் அங்கும் சமையற்கட்டின் பின்புறம் பாத்திரம் துலக்கும் பெண்கள் எப்போது உண்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கு.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓர் அறிவிப்போடு அமர்கிறேன். இவ்வமர்வு முடிந்ததும் கீழ்த்தளத்தில் பகல் விருந்து. அதிகாலை முதல் நமக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மையார் நால்வர்க்கும் முதற்பந்தியில் நடு வரிசையில் இலை போடச் சொல்லியிருக்கிறேன். பரிமாறுவதற்கு நம் செயற்குழு உறுப்பினர்கள் அறுவர் பெயர் கொடுத்துள்ளனர், அறுவரும் ஆடவர். பாயசம் கடைசிக்கு முன், மோர் கடைசியில். சாம்பார் வாளி கனமானது. இரு கையாலும் பிடிக்கவும்.